லேட்டன்சிக்கு ரேம் வாங்கச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்

லேப்டாப்பில் சாஃப்ட்வேர் சிந்த் (கம்ப்யூட்டருக்குள்ளேயே சத்தத்தை உருவாக்கும் மென்பொருள்) வாசிக்கிற யாராவது, கீயை அழுத்தினால் சத்தம் லேட்டாக வருகிறது, அதாவது லேட்டன்சி இருக்கிறது என்று கம்ப்யூட்டர் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தால், தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள். எனக்கு 21,300 ரூபாய் போனது. அதோடு மூன்று வருடமாகப் பாட்டுக்குப் பாட்டு நான் செய்துவைத்திருந்த டோன்கள் எல்லாம் போயின. பணத்தைவிட அதுதான் இன்னும் தூங்கவிடாமல் செய்கிறது.

நான் ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன். பெரிய கீபோர்டைப் பெட்டியோடு வேனில் ஏற்றி இறக்கி இடுப்பு விட்டுப்போனதால் லேப்டாப், தானாகச் சத்தம் போடாமல் எந்தக் கீ என்று மட்டும் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் ஒரு சின்ன மிடி கீபோர்டு, ரீப்பர் என்ற இசை மென்பொருளில் சில சிந்த்கள் என்று மாறினேன். வீட்டில் ஸ்ட்ரிங்ஸ் வைத்து மெதுவாக வாசித்தபோது ஒன்றும் தெரியவில்லை. கரூரில் ஒரு கல்யாண வரவேற்பில் குத்துப்பாட்டுக்குப் பிராஸ் அடிக்கும்போதுதான் விஷயம் வெளியே வந்தது. ரிதம் பேட் வாசிப்பவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். இடைவேளையில் அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்கு மறக்காது.

மறுநாளே ஊரில் ஓரளவு பெயர் உள்ள கடைக்குப் போனேன். கடைக்காரர் வாசித்துக் காட்டச் சொன்னார், கடையில் இருந்த ப்ளூடூத் ஸ்பீக்கரில் இணைத்து. ப்ளூடூத்தில் நூறு, இருநூறு மில்லி செகண்ட் தாமதம் சாதாரணம் என்பது எனக்கு அன்று தெரியாது. இதைச் சரிசெய்ய உட்கார்ந்தவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கேட்டுவிட்டு, "எட்டு ஜிபி ரேம் பத்தாது சார், ஹார்ட் டிஸ்க்கும் பழசு, அதான் இழுக்குது" என்றார். ரேமை 16 ஆக்கி எஸ்எஸ்டி போட்டு, புதிதாக விண்டோஸ் ஏற்றி 9,400 ரூபாய் வாங்கினார். லேப்டாப் சட்டென்று ஆன் ஆனது, உண்மைதான். கீயை அழுத்தினால் சத்தம் அதே லேட்டு.

திரும்பப் போனேன். "உள்ளே இருக்கிற சவுண்ட் கார்டு சாதா கார்டு சார், ஸ்டுடியோ கார்டு போட்டாத்தான் சரியாகும்" என்று ஒரு யுஎஸ்பி பெட்டியை எடுத்து வைத்தார், 8,900 ரூபாய். அட்டையில் பெரிய எழுத்தில் 'ஜீரோ லேட்டன்சி மானிட்டரிங்' என்று போட்டிருந்தது, அதை விரலால் தொட்டுக் காட்டினார். நான் விழுந்தது அந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். அந்த ஜீரோ லேட்டன்சி மைக்கிலும் கிடாரிலும் பாடி வாசிப்பவர்களுக்கு. மைக் சத்தம் கம்ப்யூட்டருக்குள் போய் வராமல் பெட்டிக்குள்ளேயே திரும்பி ஹெட்ஃபோனுக்கு வந்துவிடும், அதனால் தாமதம் தெரியாது. சாஃப்ட்வேர் சிந்த் சத்தமோ கம்ப்யூட்டருக்குள்ளேதான் பிறக்கிறது. அது வெளியே வந்தே ஆக வேண்டும். அந்த வாசகத்துக்கும் நமக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

பெட்டியை மாட்டியதும் படபடவென்று பொரிகிற சத்தம் வேறு சேர்ந்துகொண்டது. மூன்றாவது தடவை போனபோது 'ஆடியோ ட்யூனிங்' என்று 3,000 ரூபாய், இரண்டு நாள் லேப்டாப் அவரிடம். வாங்கி வந்தேன், பொரிவது நின்றிருந்தது. ஆனால் வாசித்தால் கை ஒரு இடத்தில், சத்தம் ஒரு இடத்தில்.

அப்புறம்தான் தெரிந்த ரெக்கார்டிஸ்ட் அண்ணன் ஒருவருக்கு போன் போட்டேன். அவர் ரேமையும் கேட்கவில்லை, லேப்டாப் மாடலையும் கேட்கவில்லை. "எந்த டிரைவர்ல ஓடுது தம்பி? பஃபர் எவ்வளவு வச்சிருக்கே?" இரண்டே கேள்வி. கடைக்காரர் மூன்று தடவையிலும் கேட்காத கேள்விகள். டிரைவர் என்பது விண்டோஸும் சவுண்ட் கார்டும் பேசிக்கொள்ள நடுவில் இருக்கிற மென்பொருள், பஃபர் என்னவென்று கீழே சொல்கிறேன்.

முதலில் அளக்கச் சொன்னார். செல்போனைக் கீபோர்டுக்கும் ஸ்பீக்கருக்கும் பக்கத்தில் வைத்து ரெக்கார்ட் செய்து ஒரு கீயை நன்றாகத் தட்ட வேண்டும். விரல் தட்டும் 'டக்' ஓசையும் ஸ்பீக்கரிலிருந்து வரும் சத்தமும் இரண்டும் பதிவாகும். அதை ரீப்பரில் போட்டுப் பெரிதாக்கி இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பார்த்தால் போதும். ஒன்று முக்கியம், அளக்கும்போது பியானோ மாதிரி தட்டியதும் பேசுகிற டோனை வைக்க வேண்டும். ஸ்ட்ரிங்ஸ், பேட் டோன்களில் அட்டாக் நேரமே, அதாவது சத்தம் மெல்ல ஏறி முழுதாக வரும் நேரமே, நீளமாக இருக்கும், அதைத் தாமதம் என்று நினைத்து ஏமாறுவோம். எனக்கு வந்தது 90 மில்லி செகண்டுக்கு மேல், 21,300 ரூபாய் செலவு செய்த பிறகு.

கம்ப்யூட்டர் சத்தத்தைச் சொட்டுச் சொட்டாக அனுப்புவதில்லை, ஒரு குடம் நிரம்பியதும் ஊற்றுகிறது. அந்தக் குடத்தின் அளவுதான் பஃபர். நொடிக்கு 44,100 சாம்பிள் (சத்தத்தின் சின்னச் சின்னத் துணுக்குகள்) ஓடும்போது 1,024 சாம்பிள் பஃபர் என்றால் 23 மில்லி செகண்ட். 48,000-இல் 256 வைத்தால் 5.3 தான். இதற்கு மேல் டிரைவரும் கருவியும் கொஞ்சம் சேர்க்கும். கூட்டிப் பார்த்தால் பத்து, பதினைந்துக்குள் இருந்தால் கைக்குப் பெரிதாகத் தெரியாது, ஸ்பீக்கரிலிருந்து மூன்றரை மீட்டர் தள்ளி நின்றாலே காற்றில் பத்து மில்லி செகண்ட் போய்விடுகிறதே. இந்தக் கணக்கில் ரேம் எங்கேயும் இல்லை. ரேம் குறைந்தால் பெரிய சாம்பிள் லைப்ரரி (நிஜக் கருவிகளின் பதிவுத் தொகுப்பு) ஏற நேரமாகும், நடுவில் சத்தம் அறுபடும். ஆனால் ஒவ்வொரு கீக்கும் ஒரே அளவு தாமதமாகச் சத்தம் வருவது ரேமால் இல்லை. கிராஃபிக்ஸ் கார்டு வாங்கச் சொல்லும் கடைகளும் இருக்கின்றன. அதுவும் வேண்டியதில்லை.

சரி, அண்ணன் செட்டிங்ஸைத் திறக்கச் சொன்னார். அந்த 3,000 ரூபாய் ட்யூனிங் என்னவென்றால், பஃபரை 2,048-க்கு ஏற்றி வைத்திருந்தார்கள். பொரிவதை மறைக்க அது ஒரு குறுக்கு வழி, தாமதத்தை அது அதிகமாக்கும். நான் எதைச் சரிசெய்யக் கொடுத்தேனோ அதையே கெடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். பெட்டியோடு வந்த 'கம்பெனி டிரைவர்' என்று கடைக்காரர் சொன்னது, இணையத்தில் யார் வேண்டுமானாலும் சும்மா இறக்கிக்கொள்ளும் ஏசியோ ஃபார் ஆல் என்ற பொது டிரைவர். அது நல்ல மென்பொருள்தான், பல பேருக்கு உதவுகிறது. ஆனால் அதை வைத்தே ஓட்டுவதென்றால் அந்தப் பெட்டியை நான் ஏன் வாங்க வேண்டும்?

பெட்டியைக் கழற்றிவிட்டு லேப்டாப்பின் சொந்த ஹெட்ஃபோன் துளையிலேயே ஸ்பீக்கரைச் செருகினோம். ரீப்பரில் ஆடியோ டிவைஸை வசாபி எக்ஸ்க்ளூசிவ் (சவுண்ட் கார்டை ரீப்பர் மட்டும் தனியாக எடுத்துக்கொள்ளும், விண்டோஸிலேயே இருக்கிற முறை) என்று மாற்றி, நொடிக்கு 48,000 சாம்பிள், பஃபர் 256 என்று வைத்தோம். எல்லாச் சத்தமும் சேரும் மாஸ்டரில் நான் போட்டிருந்த லிமிட்டரை (சத்தம் எல்லை மீறாமல் அமுக்கும் கருவி) எடுத்தோம். முன்கூட்டியே பார்த்து வேலை செய்கிற லிமிட்டர்கள் அதற்காகச் சத்தத்தைச் சற்றுப் பிடித்து வைக்கும், அது என் தவறு, கடைக்காரர்மேல் போட மாட்டேன். பவர் பிளானை ஹை பெர்ஃபார்மன்ஸுக்கு மாற்றினோம். பொரிகிற சத்தம் கொஞ்சம் பாக்கி இருந்தது. லேட்டன்சிமான் என்ற இலவசக் கருவியை ஓடவிட்டபோது நெட்வொர்க் டிரைவர்தான் நடுநடுவே பிராசசரைப் பிடித்துவைக்கிறது என்று காட்டியது. வைஃபையை அணைத்ததும் நின்றுவிட்டது. மறுபடி தட்டி அளந்தேன், 17 மில்லி செகண்ட். ஒரு பைசா செலவில்லை, போனில் முக்கால் மணி நேரம்.

அதனால் கடைக்குப் போவதற்கு முன்னால் இதையெல்லாம் நீங்களே பாருங்கள். அப்படியும் தனியாக ஆடியோ இன்டர்ஃபேஸ் (நான் வாங்கியது மாதிரி யுஎஸ்பி பெட்டி) வேண்டும் என்றால், அதைச் செய்த நிறுவனம் தானே எழுதிய ஏசியோ டிரைவர் (தாமதத்தைக் குறைக்கவென்றே உள்ள டிரைவர் வகை) இருக்கிறதா என்று அவர்கள் தளத்தில் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஃபோகஸ்ரைட், மோட்டு, ஆர்எம்இ எல்லோரும் தருகிறார்கள். கடையில் யாராவது சரிசெய்து தருகிறேன் என்றால், இப்போது எத்தனை மில்லி செகண்ட், வேலை முடிந்தால் எத்தனை என்று எழுதிக் கேளுங்கள். எண் சொல்லத் தெரியாதவரிடம் லேப்டாப்பைக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று, பழைய ஹார்ட் டிஸ்க். எஸ்எஸ்டி போட்ட அன்றே அதைக் கையில் வாங்கிக்கொள்ளாதது பெரிய இழப்பாகிவிட்டது. என் டோன்கள் மட்டுமில்லை, குடும்பப் படங்கள், பாஸ்புக் ஸ்கேன் எல்லாம் அதில் இருக்கின்றன. கேட்டால் "உள்ளே எங்கயோ இருக்கும் சார், தேடித் தர்றேன்" என்கிறார், ஐந்து வாரமாக. பெட்டியைத் திருப்பி எடுக்க மாட்டாராம், சீல் உடைத்துவிட்டேனாம். கொடுத்ததும் ஜிஎஸ்டி பில் இல்லை, துண்டுச் சீட்டு. ஆனாலும் அந்தச் சீட்டையும் ஜிபே ரசீதுகளையும் வைத்து நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்துவிட்டேன். புகார் எண் கிடைத்த மறுநாள் கடையிலிருந்து அவர்களாகவே முதல் தடவை போன் செய்தார்கள், வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். டிஸ்க் கைக்கு வந்ததா என்று அன்று இரவே சொல்கிறேன்.