குளோக் 17-ஆ, சிக் எம்17-ஆ? சிவப்புப் புள்ளியை வைத்து ஒரு அலசல்

முழு அளவு 9 எம்எம் கைத்துப்பாக்கி என்று பேச்செடுத்தால் சீக்கிரமே இந்த இரண்டில்தான் வந்து நிற்கும். குளோக் 17-ஐ ஆஸ்திரிய ராணுவம் 1982-ல் எடுத்துக்கொண்டது. சிக் சாவரின் பி320-ஐ அமெரிக்கத் தரைப்படை 2017 ஜனவரியில் தேர்ந்தெடுத்து, எம்17 என்று பெயர் வைத்தது. (இந்தியாவில் 9 எம்எம் தடைசெய்யப்பட்ட ரகம், சாதாரண லைசென்சில் கிடைக்காது. ஆகவே நம்மில் பலருக்கு இது வேடிக்கை பார்க்கிற விஷயம்தான்.)

குழல் நீளம் குளோக்கில் 114 மி.மீ., எம்17-ல் 119. மேகசின் இரண்டிலும் 17 தோட்டா. எம்17-க்கு 21 தோட்டா மேகசினும் உண்டு. காலி மேகசினோடு குளோக் சுமார் 705 கிராம், எம்17 சுமார் 840. இதையெல்லாம் கைப்பழக்கம் என்று விட்டுவிடலாம். மேலே ரிஃப்ளெக்ஸ் சைட்டை, அதாவது கண்ணாடியில் சிவப்புப் புள்ளி காட்டும் குறிபார்ப்பானை, ஏற்றும்போதுதான் இரண்டும் வேறு வேறு வழியில் போகின்றன.

இப்படி சைட் ஏற்றுவதற்கென்றே வரும் குளோக்கின் எம்ஓஎஸ் மாடலில் ஸ்லைடுக்கும் (சுடும்போது முன்பின் நகரும் மேல்பகுதி) சைட்டுக்கும் நடுவே ஒரு தகடு வரும். தகட்டை மாற்றினால் பல கம்பெனி சைட்டுகள் உட்காரும். ஆனால் தகட்டுக்கு ஒரு ஜோடி திருகு, சைட்டுக்கு இன்னொரு ஜோடி. ஒவ்வொரு சுடுதலிலும் ஸ்லைடு பின்னால் அடித்துத் திரும்புகிறது. ஒரு திருகு லேசாகத் தளர்ந்தால் போதும், குறி நகர்ந்துவிடும். எனக்கு குளோக்கில் பிடிக்காதது இந்தத் தகடுதான்.

எம்17-ல், டெல்டாபாயிண்ட் ப்ரோ போன்ற சைட்டை ஸ்லைடிலேயே நேராக முடுக்கலாம். கீழே உட்காரும், உறுதியாகவும் இருக்கும். சரி, பதிலுக்கு எதை இழக்கிறோம்? சைட் உட்காரும் இடத்தை மறைக்கும் மூடித் தகட்டைக் கழற்றும்போது, துப்பாக்கியோடு வந்த பின் சைட்டும் கூடவே போய்விடும். பேட்டரி செத்தால் குறிபார்க்க முன் சைட் மட்டுமே மிச்சம், புதிய சைட்டின் உடம்பிலேயே பின் சைட்டுக்கான வெட்டு இருந்தால் தவிர. குளோக்கில் பின் சைட் இடத்திலேயே இருக்கும். கண்ணாடி வழியே தெரிய வேண்டுமானால் உயரமான முன், பின் சைட்டுகளை மாட்ட வேண்டும், அவ்வளவே.

புள்ளியைக் கண்டுபிடிப்பது இன்னொரு தலைவலி. குளோக்கின் பிடி அதிகம் சாய்ந்தது. வேறு துப்பாக்கியில் பழகியவர் தூக்கினால் குழல் மேலே போகும், புள்ளி கண்ணாடியில் தென்படாது. சிக்கில் பிடிப்பகுதியையே கழற்றி வேறு அளவில் போடலாம். அமெரிக்கச் சட்டத்தின் கண்ணில் இந்தச் சிக்கில் துப்பாக்கி என்பது சீரியல் எண் உள்ள உள் பாகம் மட்டும்தான்.

பி320 கீழே விழுந்தால் சில கோணங்களில் சுடக்கூடும் என்று 2017-ல் தெரியவந்து, நிறுவனம் டிரிகர் பாகங்களை இலவசமாக மாற்றித் தந்தது. அதற்குப் பிறகும் வழக்குகள் வந்தன. துப்பாக்கியில் குறையில்லை என்பது நிறுவனத்தின் வாதம். எம்17-ல் கட்டைவிரல் சேஃப்டி உண்டு, குளோக்கில் டிரிகரிலேயே உள்ளதுதான்.

எந்த சைட்? டிரிஜிகான் ஆர்எம்ஆர் டைப் 2 சுமார் 34 கிராம்தான். ஆனால் திறந்த வகை: புள்ளியை உண்டாக்கும் எல்இடி மேல் ஒரு மழைத்துளி விழுந்தால் புள்ளி கலங்கும். பேட்டரி அடியில் இருப்பதால் மாற்றும்போது சைட்டையே கழற்ற வேண்டும். எய்ம்பாயிண்ட் அக்ரோ பி-2 சுமார் 60 கிராம், பார்க்கப் பெட்டி மாதிரி இருக்கும். இருபக்கமும் கண்ணாடி மூடியிருக்கும், பேட்டரியைப் பக்கவாட்டிலேயே மாற்றலாம். அதற்கான குளோக் தகட்டைத் தனியாக வாங்க வேண்டும். தகட்டைத் திட்டிக்கொண்டேதான், என் ஓட்டு குளோக்கும் அக்ரோவும்.