கும்பகோணத்திலிருந்து அரை நாள்: தாராசுரமா, கங்கைகொண்ட சோழபுரமா?

இரண்டுமே சோழர் கோயில்கள். 2004-இல் இரண்டும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. ஒன்றுக்குத்தான் நேரம் என்றால்:

தூரம்: தாராசுரம் சுமார் 4 கி.மீ., ஆட்டோ போதும். கங்கைகொண்ட சோழபுரம் (இனி சோழபுரம்) சுமார் 35 கி.மீ.; அணைக்கரை வழியாகப் போகும் ஜெயங்கொண்டம் பேருந்தில் ஏறலாம். வழியில் கடக்கும் கீழணைக்கு (கொள்ளிடத்தின் குறுக்கே உள்ள அணை) 1836 வாக்கில் சோழபுரம் கோயிலின் மதில் கற்களைத்தான் பெயர்த்துக்கொண்டு போனார்கள்.

காலம்: தாராசுரம் இரண்டாம் இராசராசன், 12-ஆம் நூற்றாண்டு. சோழபுரம் முதலாம் இராசேந்திரன், 11-ஆம் நூற்றாண்டு.

பார்க்க வேண்டியது: தாராசுரத்தில் எல்லாம் நுணுக்கம். குதிரை இழுக்கும் தேர்ச்சக்கர மண்டபம், ஒரே தலை யானையாகவும் காளையாகவும் தெரியும் சிற்பம். பலரும் தவறவிடுவது கருவறைச் சுவரின் அடிப்பகுதி: நாயன்மார் கதைகள் சிறு சிற்பங்களாக, பெயர்க் கல்வெட்டுகளோடு வரிசையாக இருக்கின்றன. குனிந்து, மெதுவாக நடந்தால்தான் கண்ணில் படும். இதற்கே ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். சோழபுரத்தில் பிரமாண்டம். 50 மீட்டருக்கு மேல் உயர்ந்த, உள்வளைந்த விமானம். வடக்கு வாசல் படியருகே, நாயன்மாரில் ஒருவரான சண்டேசருக்குச் சிவன் மாலை சூட்டும் சிற்பம். அரண்மனை இருந்த மாளிகைமேடும் பக்கம்தான், ஆனால் செங்கல் அடித்தளம் மட்டுமே மிச்சம்.

சிக்கல்: இரண்டிலும் நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள், கல்தரையும் காலைச் சுடும். தாராசுரம் தாழ்வான இடம், மழைக்காலத்தில் முற்றத்தில் தண்ணீர் தேங்கும்.

சிற்பம் படிப்பவர்கள், முதியவர்களோடு வருபவர்கள் தாராசுரம் போகலாம். சோழர் தலைநகரைப் பார்க்க வேண்டும், தஞ்சைப் பெரிய கோயிலோடு ஒப்பிட வேண்டும் என்பவர்களுக்குச் சோழபுரம். காலை 7 மணிக்கே கிளம்பிவிடுங்கள்.