வால்-ஓ-மாட்: சதவீதத்தை விடுங்கள், காரணங்களைப் படியுங்கள்

ஜெர்மனியில் தேர்தல் நெருங்கினால், எந்தக் கட்சிக்குப் போடுவது என்று குழம்புகிறவர்கள் பலரும் தேடிப்போகிற இணையச் சேவை வால்-ஓ-மாட். குடிமைக் கல்விக்கான மத்திய அரசு நிறுவனம் 2002 முதல் இலவசமாக நடத்துகிறது. 2021 நாடாளுமன்றத் தேர்தலுக்கு மட்டும் 2 கோடி தடவைக்கு மேல் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

38 கூற்றுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். 2021-இல் வந்த ஒன்று: எல்லா நெடுஞ்சாலைகளிலும் வேகத்துக்கு உச்சவரம்பு வேண்டும். ஏற்கிறேன், ஏற்கவில்லை, நடுநிலை என்று அழுத்தலாம், பிடிக்காவிட்டால் தாண்டிப் போகலாம், முக்கியமாகப் படுவதற்கு இரட்டை மதிப்பெண் தரலாம். கட்சிகளும் இதே கூற்றுகளுக்குத் தாங்களே பதில் எழுதித் தந்திருப்பதால், கடைசியில் எந்தக் கட்சியோடு எத்தனை சதவீதம் ஒத்துப்போகிறீர்கள் என்று பட்டியல் வந்துவிடும்.

அந்தப் பட்டியலில்தான் சிக்கல். பதில் ஒத்துப்போனால் 2 புள்ளி, நேர் எதிராக இருந்தால் 0, நீங்களோ கட்சியோ யாராவது ஒருவர் மட்டும் நடுநிலை என்றால் 1. ஆக, முதலிலிருந்து கடைசிவரை நடுநிலையையே அழுத்திக்கொண்டு போனால் எல்லாக் கட்சிகளோடும் குறைந்தது 50 சதவீதம் ஒத்துப்போகிறவர் ஆகிவிடுவீர்கள்! கருத்து இல்லாத இடத்தில் தாண்டிப் போவதே மேல், அது கணக்கில் சேராது. அப்புறம், ஒரே ஒரு பதிலை நேர் எதிராக மாற்றினாலே இரண்டரை சதவீதத்துக்கு மேல் நகரும் என்பதால் 71-க்கும் 69-க்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது.

எனக்கு உண்மையில் பிடித்தது, ஒவ்வொரு பதிலுக்கும் கட்சி எழுதித் தரும் காரணம். ஒரே 'இல்லை'யை இரண்டு கட்சிகள் முற்றிலும் வேறு காரணத்துக்காகச் சொல்லியிருக்கும், சில கட்சிகள் சுற்றி வளைத்து எதையுமே சொல்லாமல் நழுவியிருக்கும். பிரசார மேடையில் இதையெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே முடியாது.

வேட்பாளர் எப்படிப்பட்டவர், போன தடவை சொன்னதைச் செய்தார்களா, யாரோடு கூட்டணி சேருவார்கள் என்பதெல்லாம் இதில் இல்லை. ஜெர்மனியில் தொகுதி வேட்பாளருக்கு ஒன்று, கட்சிப் பட்டியலுக்கு ஒன்று என இரண்டு ஓட்டு. இது உதவுவது இரண்டாவதுக்குத்தான்.

முன்பு ஒரே நேரத்தில் 8 கட்சிகள் வரைதான் ஒப்பிட முடியும். 2019-இல் வோல்ட் என்ற சிறிய கட்சி கொலோன் நீதிமன்றத்துக்குப் போனபிறகு அது மாறியது, நல்ல மாற்றம். ஆனால் கேள்விப்படாத கட்சி ஒன்று உங்கள் பட்டியலில் முதலிடத்தில் வந்து நின்றால், நாடாளுமன்றத்துக்குள் நுழையப் பொதுவாக 5 சதவீத ஓட்டு வேண்டும் என்ற விதியையும் சேர்த்தே யோசியுங்கள். அந்தக் கணக்கை இது போட்டுத் தராது.