அமெரிக்க அரசின் வெள்ளக் காப்பீடு: பாலிசி சுமார், ஊர்த் தள்ளுபடி அருமை

அமெரிக்காவில் சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளச் சேதத்துக்குப் பணம் தராது. அதற்கென்று தனியாக இருப்பது 1968-ல் தொடங்கிய என்எஃப்ஐபி (தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டம்). நடத்துவது ஃபெமா என்ற அரசுப் பேரிடர் மேலாண்மை அமைப்பு. எந்தக் கம்பெனி ஏஜென்ட் மூலம் எடுத்தாலும் பிரீமியம் ஒன்றுதான், பேரம் பேசப் போக வேண்டாம்.

ஆனால் நீங்கள் மட்டும் ஆசைப்பட்டால் போதாது, உங்கள் ஊர் நிர்வாகம் திட்டத்தில் சேர்ந்திருக்க வேண்டும். விண்ணப்பம், கவுன்சில் தீர்மானம், வெள்ளப் பகுதியில் கட்டடம் கட்டுவதற்கான விதிகள் மூன்றையும் கொடுத்தால் ஊர் சேரலாம். 22,000-க்கும் மேற்பட்ட ஊர்கள் சேர்ந்திருக்கின்றன.

வீட்டுக் கட்டடத்துக்கு உச்சம் 2,50,000 டாலர், உள்ளே உள்ள பொருட்களுக்கு 1,00,000. இரண்டும் தனித்தனி, பொருட்களுக்கும் கேட்டு வாங்காவிட்டால் சோபாவும் கட்டிலும் உங்கள் கணக்கில்தான். பொருட்களுக்குத் தேய்மானம் கழித்துத்தான் தருவார்கள். வெளியே தங்கும் ஹோட்டல் வாடகைக்கு ஒரு காசு கிடையாது.

அதிகம் ஏமாறுவது பேஸ்மென்ட்டில், அதாவது தரைக்குக் கீழே உள்ள தளத்தில். அங்கே இருக்கும் ஃபர்னஸ் (வீட்டைச் சூடாக்கும் கருவி), வாட்டர் ஹீட்டர், மின்சாரப் பெட்டி கட்டடக் கணக்கில் சேரும். வாஷிங் மெஷின், ட்ரையர், ஃப்ரீஸர் பொருட்கள் கணக்கில். ஆயிரக்கணக்கில் செலவழித்துப் போட்ட கார்ப்பெட், அங்கே வைத்த டிவி, புத்தக அலமாரி எதற்கும் இழப்பீடு இல்லை. பாலிசி எடுத்த 30 நாள் கழித்துத்தான் பாதுகாப்பு தொடங்கும் (கடன் வாங்கி வீடு பதிவு செய்யும்போது எடுத்தால் காத்திருப்பு இல்லை). புயல் செய்தி பார்த்துவிட்டு ஓடினால் பயனில்லை.

தண்ணீர் வடிந்ததும் சுவரில் தண்ணீர் ஏறிய அடையாளத்தையும் மெஷின்களின் சீரியல் எண்ணையும் படம் எடுங்கள், பிறகு குப்பையை வெளியேற்றுங்கள். நனைந்த கார்ப்பெட்டில் ஒரு துண்டு வெட்டி வையுங்கள். கையெழுத்திட்ட இழப்பு அறிக்கையை 60 நாளுக்குள் கொடுக்க வேண்டும்.

இனி சிஆர்எஸ், அதாவது தலைப்பில் சொன்ன ஊர்த் தள்ளுபடி. 1990 முதல் நடக்கும் ஊர்களின் தரவரிசை இது; நம் ஆட்கள் பலருக்குத் தெரியாத நல்ல சமாச்சாரம். குறைந்தபட்ச விதிகளுக்கு மேல் ஊர் செய்யும் வேலைக்குப் புள்ளி கிடைக்கும். 500 புள்ளிக்கு ஒரு வகுப்பு, ஒரு வகுப்புக்கு 5 சதவீதத் தள்ளுபடி. 10-ஆம் வகுப்பில் ஒன்றுமில்லை, 1-ஆம் வகுப்பில் 45 சதவீதம். கலிஃபோர்னியாவின் ரோஸ்வில் அந்த உச்சத்தைத் தொட்ட ஊர். 1,000 டாலர் அடிப்படை பிரீமியம் கட்டும் வீட்டுக்கு 7-ஆம் வகுப்பு ஊரில் 150 டாலர் மிச்சம். அப்படி 2,000 வீடு இருந்தால் ஆண்டுக்கு 3 லட்சம் டாலர் ஊரிலேயே தங்குகிறது. கவுன்சில் கூட்டத்தில் காலனிக்காரர்கள் இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள், காது கொடுப்பார்கள்.

புள்ளி எங்கே வருகிறது? வெள்ளப் பகுதியில் காலி நிலத்தைக் காலியாகவே விடுவதில் நிறைய. வடிகாலைப் பார்வையிட்டுத் தூர் வாருவது, எச்சரிக்கை ஏற்பாடு, காப்பீடு எடுக்கச் சொல்லும் பிரசாரம் எல்லாவற்றுக்கும் உண்டு. செய்துவிட்டுப் பதிவு வைக்காததால்தான் ஊர்கள் கோட்டை விடுகின்றன. முக்கியமாக, புதுக் கட்டடங்களின் தரை உயரச் சான்றிதழ்: சர்வேயர் எழுதியதில் பிழை கிடந்தால் திருத்தி வாங்க வேண்டும். ஆண்டுதோறும் மறுசான்றும் கேட்பார்கள். இதற்கென ஓர் அலுவலரை ஒதுக்காத ஊரில் வகுப்பு நிற்காது.

மதிப்பெண்: 5-க்கு 3. ஊர் 5-ஆம் வகுப்புக்கு வந்திருந்தால் தாராளமாக 4. அப்போதும் ஒன்று குறைத்ததற்குக் காரணம் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ்: திட்டத்தைக் குறுகிய காலத்துக்கே நீட்டிக்கிறார்கள், காலாவதியானால் புதுப் பாலிசி நின்றுவிடும். வீடு வாங்கும் நாள் அதில் மாட்டினால், விற்பவரின் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்றித் தரச் சொல்லி ஏஜென்ட்டிடம் கேளுங்கள்.