தோப்புப் பாலம்: குழாயா, இரும்பா, சிலாப்பா?

எங்கள் தென்னந்தோப்புக்குப் போக ஒரு வாய்க்காலைத் தாண்ட வேண்டும். அகலம் 10 அடி. பனைமரப் பாலம் உளுத்துப்போனதும் டிராக்டர் போகிற மாதிரி ஒன்று கட்ட மூன்று யோசனைகள் வந்தன: ஹியூம் பைப் (கான்கிரீட் குழாய்) வைத்து மண் மூடுவது, இரும்பு பீம் மேல் தகடு, கான்கிரீட் சிலாப். அனுமதிக்கு அலைந்தது தனிக்கதை.

செலவு, வேகம் இரண்டிலும் பைப்தான். அதில் பேச்சே இல்லை.

ஆனால் நான் சிலாப் போட்டேன். காரணம் குப்பை. 2 அடி விட்டமுள்ள பைப் மூன்றை வைத்தாலும் தண்ணீருக்குக் கிடைக்கும் வழி 9.4 சதுர அடிதான். சிலாப்புக்கு அடியில் 10 அடி அகலம், 4 அடி உயரம். 40 சதுர அடி. அதைவிடப் பெரிய வித்தியாசம், ஒரு தென்னை மட்டை பைப் வாயில் குறுக்கே மாட்டினால் அதில் ஆகாயத்தாமரை சேர்ந்துகொள்ளும். உள்ளே மண்வெட்டி நுழையாது. பக்கத்துத் தோப்புக்காரர் போட்ட பைப் ஐப்பசி மழையில் அப்படித்தான் அடைத்தது. தண்ணீர் மேலேறி வழிந்து, மூடியிருந்த மண்ணை வாரிக்கொண்டு போக, விடிந்து பார்த்தால் பைப் மட்டும் அம்மணமாகக் கிடக்கிறது. சிலாப் என்றால் கீழே இறங்கிக் குனிந்து வாரிவிடலாம்.

இரும்பை நான் கட்டிப் பார்த்ததில்லை. ஒரே நாளில் தூக்கி வைத்துவிடலாம், ஆனால் துருவுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்துக்கே அந்தப் பாடுதான் இருந்தது. இங்கே உப்புக்காற்று இல்லை, ஈரம் உண்டு. இடைவெளி 20 அடி என்றால் இரும்பைத்தான் யோசித்திருப்பேன்: சீராகப் பரவிய பளுவுக்கு, நீளம் இரட்டித்தால் வளைக்கும் விசை நான்கு மடங்காகும். சிலாப் தாங்கும் பலத்தில் பெரும்பகுதியை அதன் சொந்த எடையே தின்றுவிடும்.

சிலாப் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பளு ஏறும்போது இழுபடுவது அடிப்பக்கம். கான்கிரீட் நசுக்கைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. அதனால் முக்கியக் கம்பி அடியில் வர வேண்டும். ஆனால் கான்கிரீட் ஊற்ற அடியில் கட்டும் பலகையைத் தொடக் கூடாது, தொட்டால் சீக்கிரம் துருவேறும். எங்கள் மேஸ்திரி கவர் பிளாக் (கம்பியைப் பலகையிலிருந்து தூக்கி நிறுத்தும் சிறு கட்டை) இல்லாமல் கம்பியை அப்படியே பலகைமேல் விரித்துவிட்டார். சண்டை போட்டுத் தூக்க வைத்தேன்.

கட்டி இரண்டு மழைதான் ஆகிறது. சிலாப்பில் விரிசல் இல்லை. சிலாப்பைத் தாங்கும் மேற்குப் பக்கச் சுவரின் காலடியில் மட்டும் தண்ணீர்ச் சுழல் மண்ணை அரிக்கிறது. போன மாதம் அங்கே இரண்டு வண்டி கருங்கல் கொட்டினேன்.