ரா (RAW) என்று காசு வாங்கிவிட்டு எட்டு பிட் கொடுக்கிறார்கள்: கேமரா வாடகைக்கு எடுப்பவர்கள் கவனத்துக்கு

ஆவணப்படம், குறும்படம் என்று கேமராவோடு ஆளையும் சேர்த்துப் பேசுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

செய்யாறு பக்கம் விடிய விடிய நடக்கும் தெருக்கூத்து ஒன்றைப் பதிவு செய்ய சென்னையில் ஒரு யூனிட்டைப் பேசினோம். கூத்துக் களத்தில் ட்யூப்லைட், எல்இடி ஃபோகஸ், மஞ்சள் பல்பு எல்லாம் கலந்து அடிக்கும். அரிதாரத்தின் சிவப்பு இந்தப் பக்கம் ஆரஞ்சாகவும் அந்தப் பக்கம் பழுப்பாகவும் தெரியும். ரா என்பது சென்சார் பிடித்த தகவலை ஏறக்குறைய அப்படியே வைத்திருக்கும் வீடியோ ஃபார்மேட். அதில் எடுத்தால் ஒயிட் பேலன்ஸை (விளக்குக்கு ஏற்ற நிறச் சமநிலையை) பிறகு கலர் கரெக்‌ஷனில் சரிசெய்யலாம். அதற்காகத்தான் பிளாக்மேஜிக் கம்பெனி கேமராவில் வரும் 12 பிட் பிளாக்மேஜிக் ரா வேண்டும் என்று சொல்லி, கூடுதல் வாடகைக்கும் ஒப்புக்கொண்டோம். மறுபடி ஆடச் சொல்லி எடுக்கிற விஷயமா இது? வாத்தியார் எழுபதைத் தாண்டியவர்.

டிஸ்க் வந்தது. உள்ளே கிட்டத்தட்ட முழுக்க ப்ரோரெஸ் 422 ஹெச்க்யூ, அதாவது ரா இல்லாத, எடிட்டிங்குக்கான ஃபார்மேட். "எடிட்டருக்கு ஈஸியா இருக்கட்டும்னு மாத்திக் கொடுத்திருக்கோம் சார்" என்றார்கள். 4கே, 24 ஃபிரேமில் அது மணிக்கு 318 ஜிபி பிடிக்கும் ரகம். ஃபைல் பெரிதாக இருப்பதைப் பார்த்தே பாதிப் பேர் திருப்தி ஆகிவிடுவார்கள்.

நள்ளிரவுக்குப் பிந்தைய காட்சிகளில்தான் குட்டு வெளிப்பட்டது. புகையில் பட்டை பட்டையாக வரிகள். திரைக்குப் பின்னால் இருக்கும் இருட்டில் சதுரம் சதுரமாகப் புள்ளிகள். ஹிஸ்டோகிராமை (வெளிச்ச அளவுகளைக் காட்டும் வரைபடம்) திறந்தால் சீப்பு மாதிரி இடைவெளிகள். 10 பிட்டில் ஒரு நிறத்துக்கு 1024 படிகள் உண்டு. 8 பிட்டில் 256தான். எட்டு பிட் ஃபைலைப் பெரிய டப்பாவில் மாற்றிப் போட்டால் இல்லாத படிகள் முளைத்துவிடாது. கூடவே, மாற்ற மறந்துபோன ஒரு கிளிப் டிஸ்கில் கிடந்தது: சி0047.எம்பி4. பக்கத்திலேயே அந்தக் கிளிப்பின் விவரங்களைக் கேமரா எழுதி வைக்கும் எக்ஸ்எம்எல் ஃபைல். அதில் கேமரா மாடல் அப்படியே இருந்தது: சோனி ஏ7 III. அந்தக் கேமராவில் ரா வீடியோவே கிடையாது. 4கேயில் அதிகபட்சம் நொடிக்கு 100 மெகாபிட், எட்டு பிட்.

பதிவு செய்யும் எஸ்எஸ்டி டிஸ்கில் இடம் தீர்ந்துபோனதும் சத்தமில்லாமல் வேறு கேமராவுக்கு மாறியிருக்கிறார்கள். பிளாக்மேஜிக் ராவிலேயே 8:1, 12:1 என்று அழுத்தத்தை (கம்ப்ரெஷனை) கூட்டி ஃபைலைச் சிறிதாக்கி எடுக்கலாமே, இடம் போதியிருக்கும். கேட்டிருந்தால் நாங்களே சரி என்றிருப்போம். அழுத்திய ஃபார்மேட்டை நான் குறை சொல்லவில்லை. கல்யாண வீடியோவுக்கும் பேட்டிக்கும் ஹெச்.265 என்ற அழுத்திய ஃபார்மேட் 10 பிட்டில் இருந்தால் தாராளம். ராவுக்கான காசை வாங்கிக்கொண்டு வேறு ஃபார்மேட்டில் எடுத்ததை மறைத்ததுதான் அயோக்கியத்தனம்.

"லாக்ல எடுத்தோம் சார், ரெண்டும் ஒண்ணுதான்" என்று சமாளிப்பார்கள், நம்பாதீர்கள். லாக் என்பது பிறகு நிறம் திருத்துவதற்காக வெளிறிய படமாகப் பதியும் முறைதான். அதில் ஒயிட் பேலன்ஸ் படத்தோடு பதிந்துவிடும். எட்டு பிட்டில் லாக் எடுத்தால் அந்தப் பட்டை வரி இன்னும் மோசமாகும்.

கொட்டேஷனில் கேமரா மாடல், கோடெக் (வீடியோவை எந்த ஃபார்மேட்டில் பதிகிறார்கள் என்பது), பிட், அழுத்த விகிதம் நான்கையும் எழுதி வாங்குங்கள். கார்டை ஃபார்மேட் செய்யும் முன் களத்திலேயே உங்கள் டிஸ்கில் ஒரிஜினல் காப்பி எடுங்கள். ரா என்றால் .braw ஃபைலாகவே வர வேண்டும். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் கேமரா ரா பகுதி இயங்கினால்தான் அது ரா. ஒவ்வொரு கேமராவிலிருந்தும் ஒரு கிளிப் திறந்து பார்த்த பிறகு மீதிப் பணம்.

எங்கள் மீதித் தொகையை நிறுத்தி வைத்திருக்கிறோம். முதல் பாதியின் ஒரிஜினலையாவது கொடுங்கள் என்று கேட்டால், அதையும் அழித்துவிட்டதாகச் சொல்கிறார்கள்.