டர்பன் மேடுகளில் இரண்டு கிளட்ச்: என் எம்எக்ஸ்-5, 31,000 கி.மீ. அனுபவம்

டர்பனின் பெரியா மேட்டில் ரோபோட் சிவப்பு விழுந்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். அப்படி ஒன்பது மாதம் ஓட்டினேன். (தென்னாப்பிரிக்காவில் டிராஃபிக் சிக்னலுக்கு ரோபோட் என்றுதான் பெயர். நாகர்கோவிலிலிருந்து வந்த எனக்கும் இப்போது வாயில் அதுதான் வருகிறது.) பின்னால் மினிபஸ் டாக்சி ஒட்டி நிற்கும், முன்னால் ஏற்றம். பச்சை விழுந்து கிளட்சை விட்டால் வண்டி ஒன்று குதிரை மாதிரி எகிறும், இல்லையென்றால் அணைந்துவிடும். காரணம் வண்டி அல்ல. நான் தேர்ந்தெடுத்த கிளட்ச்.

வண்டி மாஸ்டா எம்எக்ஸ்-5, இரண்டாம் தலைமுறை, 1.8 லிட்டர், ஐந்து கியர். இரண்டே இருக்கை, எஞ்சின் முன்னால், இழுப்பது பின் சக்கரம், எடை ஒரு டன்னுக்குக் கொஞ்சம் மேல். இதில் பெரிய குதிரைத்திறன் கிடையாது. கை, கால், சாலை மூன்றும் பேசிக்கொள்வதுதான் இதன் சுகம். அந்தப் பேச்சில் பாதி கிளட்ச் பெடல் வழியாகத்தான் நடக்கிறது என்பதை அதைக் கெடுத்துக்கொண்ட பிறகுதான் உணர்ந்தேன்.

பழைய கிளட்ச் 2022-ல் ஸ்லிப் ஆக ஆரம்பித்தது. நாலாவது கியரில் ஃபீல்ட்ஸ் ஹில் ஏறும்போது ஆர்பிஎம் முள் மட்டும் எழும்பும், வேகம் ஏறாது. ‘எப்படியும் கழற்றப் போகிறோம், பின்னாளில் டர்போ போட்டாலும் தாங்கட்டுமே’ என்று ஸ்டேஜ் 3 (அதிக சக்திக்கான) கிளட்ச் செட் ஒன்றை வாங்கினேன். ஆறு செராமிக் பக் (உராயும் வில்லை) பதித்த தட்டு, அந்தத் தட்டை அழுத்திப் பிடிக்கும் கனமான பிரஷர் பிளேட். எந்த கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. பொருளில் குறை இல்லை, அது ரேஸ் ட்ராக்குக்குச் செய்த பொருள். வாங்கிய இடத்தில் மட்டும் ஒரு மனத்தாங்கல் உண்டு. ‘தினமும் ஆபீஸ் போக இது சரிப்படுமா’ என்று இரண்டு தடவை கேட்டேன், இரண்டு தடவையும் ‘பழகிவிடும்’ என்றார்கள்.

பழகவில்லை. பக் தட்டு பிடித்தால் பிடி, விட்டால் விடு. நடுவில் அரைக்கிளட்ச் என்ற ஒன்றே கிடையாது. மேட்டில் வண்டியை நகர்த்த அந்த நடுவிடம்தானே வேண்டும்? ரிவர்ஸில் மேடேறினால் வண்டி முழுக்க நடுங்கும், டாஷ்போர்டு படபடக்கும். பெடல் கனத்தால் மாலை நெரிசலில் இடது முழங்கால் வலிக்கும். பெரிய வெள்ளி அன்று மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குப் போனோம். கூட்டத்தில் அங்குலம் அங்குலமாக ஊர்ந்து ஒரு கிலோமீட்டர் கடக்க முக்கால் மணி நேரம். பக்கத்தில் இருந்த மனைவி ஒன்றும் சொல்லவில்லை. திரும்பும்போது சாவியை வாங்கித் தானே ஓட்டினாள். நாலு தடவை அணைந்தது, நாலு தடவையும் பின்னால் ஹாரன். வீட்டு வாசலில் சாவியை என் கையில் வைத்துவிட்டு, “இனிமே இந்த வண்டிய நான் தொடமாட்டேன்” என்றாள். அந்த வாரமே முடிவு செய்தேன்.

இந்த முறை கணக்குப் போட்டேன். முதல் தடவையே போட்டிருக்க வேண்டிய கணக்கு. ஒரு கிளட்ச் தாங்கும் முறுக்குவிசை நான்கைப் பொறுத்தது: உராய்வு எண், பிரஷர் பிளேட் அழுத்தும் விசை, தட்டின் சராசரி ஆரம், உராயும் முகங்கள் இரண்டு. நான்கையும் பெருக்கினால் விடை. என் வண்டியின் தட்டு 215 மி.மீ. (1.6 எஞ்சினுக்கு 200 மி.மீ., மாற்றி வாங்கிவிடாதீர்கள்.) ஆர்கானிக் லைனிங்குக்கு (நாரும் பிசினும் கலந்த சாதாரண உராய்வுப் பூச்சு) உராய்வு எண் சுமார் 0.3. அழுத்தும் விசை 4,500 நியூட்டன், சராசரி ஆரம் 9 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் விடை 243 நியூட்டன் மீட்டர். என் எஞ்சின் தருவதோ 160 சொச்சம். அதாவது ஆர்கானிக் தட்டும் கம்பெனி அளவு பிரஷர் பிளேட்டுமே ஒன்றரை மடங்கு தாங்கும். ஸ்டேஜ் 3 எனக்கு எதற்கு? டர்போ போடும் நாளில் அதற்கேற்றதை அன்று வாங்கிக்கொள்ளலாம். இல்லாத டர்போவுக்காக இருக்கிற முழங்காலை ஏன் வருத்த வேண்டும்?

இன்னொன்றும் உண்டு. பெடலை மிதிக்கும் விசை காலோடு நிற்பதில்லை. பிரஷர் பிளேட்டின் பிடியை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் வழியாக, எஞ்சினின் சுழல்தண்டான கிராங்க்ஷாஃப்டை முன்னால் தள்ளுகிறது, அதைத் தாங்குவது எஞ்சினுக்குள் இருக்கும் மெல்லிய த்ரஸ்ட் வாஷர்கள். பிரஷர் பிளேட் கனக்கக் கனக்க அவற்றின் பாடும் கூடும். எண்ணெய் அழுத்தம் ஏறாத நிலையில், பெடலை மிதித்தபடி ஸ்டார்ட் செய்யும் அந்தச் சில நொடிகள்தான் மோசம்.

கடைசியில் எக்ஸெடியின் ஆர்கானிக் செட்டை எடுத்தேன். டைக்கின் என்று இருந்து 1995-ல் பெயர் மாற்றிக்கொண்ட ஜப்பான் கம்பெனி, ஜப்பான் கார் கம்பெனிகள் பலவற்றுக்கு அசல் கிளட்சே இவர்கள் செய்து கொடுப்பதுதான். தட்டு, பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், தட்டை நடுவில் நிறுத்தும் பிளாஸ்டிக் குச்சி எல்லாம் ஒரே பெட்டியில். எனக்கு 4,800 ரேண்ட் ஆனது. கூடவே எஞ்சினின் பின்பக்க ஆயில் சீல், புது ஸ்லேவ் சிலிண்டர் (பெடல் மிதியைத் திரவ அழுத்தத்தால் கிளட்சுக்குக் கடத்துவது), இரண்டு லிட்டர் 75டபிள்யூ-90 ஜிஎல்-4 கியர் ஆயில். சீலுக்குக் கொடுக்கும் காசைப் பார்க்காதீர்கள். அது கசிந்தால் புதுத் தட்டில் எண்ணெய் ஏறும், மறுபடி கியர்பாக்ஸை இறக்க வேண்டியதுதான்.

மாட்டியது சாட்ஸ்வொர்த்தில், எனக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணன் வீட்டுக் கொல்லையில், 2023 மே மாதம். அவர் குடும்பம் கரும்புத் தோட்டத்துக்கு வந்து நாலு தலைமுறை ஆகிவிட்டது. பேச்செல்லாம் ஆங்கிலம்தான், ஆனால் தம்பி, ஆயா, தாத்தா மட்டும் தமிழிலேயே வரும். பழைய பக் தட்டைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்து, இது ரேஸ் ஓட்டுகிறவனுக்கு, நீ ரோபோட்டில் நிற்கிறவன் என்று ஆங்கிலத்தில் சொல்லி, “தம்பி” என்று தமிழில் முடித்தார்.

எம்எக்ஸ்-5-ல் கியர்பாக்ஸுக்கும் டிஃபரன்ஷியலுக்கும் நடுவே ஒரு நீளமான அலுமினியச் சட்டம் ஓடும். பிபிஎஃப் என்பார்கள். அதைக் கழற்றாமல் கியர்பாக்ஸ் வராது. கழற்றும்முன் கியர்பாக்ஸுக்கும் டிஃபரன்ஷியல் மூக்குக்கும் ஜாக் முட்டுக் கொடுங்கள், இல்லையென்றால் இரண்டும் தொங்கிவிடும். கியர் ஆயிலை முதலிலேயே வடித்துவிடுங்கள், ப்ரொப்பெல்லர் ஷாஃப்டை உருவியதும் பின்பக்கமாகக் கொட்டும். பெல்ஹவுசிங்கின் (கிளட்சை மூடியிருக்கும் கியர்பாக்ஸ் முன்கூட்டின்) மேல் போல்ட்டுகளுக்கு 17 சாக்கெட்டோடு எக்ஸ்டென்ஷன்களைக் கோத்துக் கொண்டு பின்னாலிருந்து போக வேண்டும். எங்களுக்கு அந்த இரண்டு போல்ட்டுக்கே ஒரு மணி நேரம் போனது.

கியர்பாக்ஸ் இறங்கியதும், எஞ்சினோடு சுற்றும், கிளட்ச் தட்டு உரசும் சக்கரமான ஃப்ளைவீலைப் பார்த்தேன். வெள்ளி நிறத்தில் இருக்க வேண்டிய முகத்தில் ஐந்தாறு இடத்தில் கருநீலத் திட்டுகள், காய்ந்த மயில்தோகை போல. நகத்தால் வருடினால் திட்டின் ஓரத்தில் நகம் லேசாகத் தட்டுகிறது. சூடேறி இரும்பு இறுகிப்போன இடங்கள் அவை. புதுத் தட்டை இதன் மேலேயே மாட்டியிருந்தால் நடுக்கம் அப்படியே தொடர்ந்திருக்கும். ஸ்கிம் செய்ய, அதாவது முகத்தை மெல்லச் சீவிச் சமப்படுத்த, கிளேர்வுட்டில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனோம். போன நேரம் லோட்ஷெட்டிங் (முறைவைத்த மின்வெட்டு), மிஷின் ஓடவில்லை. கரண்ட் வரும்வரை பன்னி சௌ (ரொட்டியைக் குடைந்து குழம்பு நிரப்பியது) வாங்கிக்கொண்டு பட்டறை வாசலிலேயே உட்கார்ந்திருந்தோம். திரும்பக் கையில் வாங்கியபோது முகம் முழுக்க ஒரே சீரான கோடுகள். ஸ்கிம்மைத் தவிர்த்து மிச்சப்படுத்தும் ஐந்நூறு ரேண்ட் இந்த வேலையிலேயே மோசமான சிக்கனம்.

மாட்டும்போது அண்ணன் அவசரப்படவே இல்லை. ஃப்ளைவீல் போல்ட் ஆறு, 96 முதல் 103 நியூட்டன் மீட்டர் வரை, மரையில் சீலன்ட் தடவி. பிரஷர் பிளேட் போல்ட் 18 முதல் 26 வரைதான், எதிரெதிராக, ஒவ்வொன்றும் அரைச்சுற்று அரைச்சுற்றாக. ஒரு பக்கத்தை முதலில் இறுக்கினால் கவர் வளைந்துவிடும். புதுத் தட்டின் முகத்தை அவர் விரலால் தொடவில்லை, ஓரத்தில் மட்டும் பிடித்தார். ஃப்ளைவீலையும் பிரஷர் பிளேட்டையும் பிரேக் கிளீனரால் துடைத்தார். இன்புட் ஷாஃப்ட் பற்களில் மாலிப்டினம் கிரீஸ் மெல்லிசாகப் பூசி, தட்டைப் போட்டு முன்னும் பின்னும் நகர்த்தி எடுத்தார். ஓரத்தில் ஒதுங்கி நின்ற கிரீஸ் வளையத்தைத் துணியால் வழித்தார். மறுபடி போட்டார், மறுபடி வழித்தார். மூன்றாம் தடவை ஒன்றும் ஒதுங்கவில்லை. அதற்குப் பிறகுதான் தட்டைக் கையிலிருந்து விட்டார். எஞ்சின் சுற்றும்போது அந்த மிச்சக் கிரீஸ் தெறித்துப் போய்ச் சேரும் இடம் லைனிங்தான்.

வேலை முடிய ஒன்றரை நாள் ஆனது. பெடலில் கொஞ்சம் சும்மா ஆட்டம் இருக்கும்படி தள்ளுகோலைச் சரிசெய்தோம். ஆட்டமே இல்லாவிட்டால் ரிலீஸ் பேரிங் எப்போதும் அழுத்திக்கொண்டே நிற்கும்.

இனி பழக்குவது. பலரும் தவறவிடும் இடம் இதுதான். 800 கி.மீ. மெதுவாக ஓட்டு என்பார்கள். நண்பர் ஒருவர், ஜோபர்க் (ஜோஹன்னஸ்பர்க்) ஒரு தடவை போய்த் திரும்பினால் ஆயிற்றே என்றார். டர்பனிலிருந்து அங்கே என்3 நெடுஞ்சாலை வழியாக 570 கி.மீ. சொச்சம், போக வர ஆயிரத்தைத் தாண்டும். ஆனால் அத்தனை தூரமும் ஐந்தாவது கியரில் கிளட்ச் பூட்டியபடிதானே கிடக்கிறது? தட்டும் ஃப்ளைவீலும் உராய்ந்தால்தான் முகத்திலுள்ள நுண்ணிய மேடுகள் தேய்ந்து முகம் முழுக்கப் படியும். கணக்கு கிலோமீட்டரில் இல்லை, எத்தனை தடவை கிளட்ச் பிடித்தது என்பதில் இருக்கிறது. ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். வீட்டிலிருந்து அலுவலகம் 14 கி.மீ., தொண்ணூறு தடவைக்கு மேல் மிதித்திருந்தேன். அதனால் நெடுஞ்சாலையை விட்டு ஊருக்குள்ளேயே ஐந்து வாரம் ஓட்டினேன். 3,000 ஆர்பிஎம்முக்கு மேல் போகவில்லை, வேகமாகக் கிளம்பவில்லை, மேட்டில் ஹேண்ட்பிரேக்கைத்தான் நம்பினேன். இந்தக் கட்டத்தில் அதிகமாகச் சூடானால் லைனிங்கில் இருக்கும் பிசின் மேலே வந்து கண்ணாடி போலப் படிந்துவிடும். பிறகு அது பிடிக்காது.

முதல் நூறு கிலோமீட்டர் கருகல் வாடை லேசாக வந்தது, பயந்தேன். இருநூறு வரை முதல் கியரில் சின்ன அதிர்வு. நானூறில் இரண்டுமே போய்விட்டன. பிடிக்கும் இடமும் அதுவரை கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டே இருந்து, பிறகு ஓரிடத்தில் நின்றது.

இப்போது 31,000 கி.மீ. ஓடிவிட்டது. காம்ரேட்ஸ் மாரத்தான் ஓடுகிறவர்கள் பெயர் சொல்லிப் பயப்படும் கௌவீஸ், ஃபீல்ட்ஸ், போதாஸ், இன்சாங்கா, பாலி ஷார்ட்ஸ் என்ற ஐந்து மேடுகளிலும் இந்தக் கிளட்ச் ஏறியிருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு சோதனை செய்வேன்: ஏற்றத்தில் நாலாவது கியர், 2,000 ஆர்பிஎம், ஆக்ஸிலரேட்டரை முழுக்க அழுத்துவது. கிளட்ச் நழுவினால் முள் துள்ளும். இதுவரை ஒரு தடவையும் துள்ளவில்லை.

குறை இல்லாமல் இல்லை. டர்பன் ஈரக்காற்றில் வண்டியை இரண்டு வாரம் நிறுத்திவிட்டு எடுத்தால் முதல் நாலைந்து தடவை கிளட்ச் உறுமும். ஃப்ளைவீலில் மெல்லிய துரு படிவதால் வருவது, தெரு முனை தாண்டுவதற்குள் போய்விடும். 22,000 கி.மீ.-ல் ஒரு நாள் காலையில் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது, கியர் விழ மறுத்தது. கிளட்ச் போய்விட்டது என்றே நினைத்தேன். குனிந்து பார்த்தால் ஸ்லேவ் சிலிண்டர் ரப்பரைத் தாண்டித் திரவம் சொட்டியிருந்தது. இந்த வண்டியில் அது வெளியில்தான் இருக்கிறது, இரண்டு போல்ட். கியர்பாக்ஸைத் தொடாமல் ஒரு மணி நேரத்தில் மாற்றி, டாட் 4 திரவம் ஊற்றி, காற்றை எடுத்தேன். எம்எக்ஸ்-5 வைத்திருப்பவர்கள் பெடல் மாறினால் முதலில் அந்த இடத்தைப் பாருங்கள்.

ஸ்டேஜ் 3 செட் இன்னும் கராஜில் பெட்டியோடு இருக்கிறது. ட்ராக்கில் ஓட்டும் யாருக்காவது கொடுக்கலாம் என்றிருக்கிறேன். சனிக்கிழமை காலை மார்க்கெட்டுக்குப் போகும்போது மனைவிதான் ஓட்டுகிறாள், பெரியா மேடு வழியாக.